"பேசுக" என்று எழுதினால் மட்டும் போதுமா?

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்டா மாறுதல் கோப்பு ஒன்றில் முதன்முதலாக நானே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. என் குறிப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல்: "பேசுக." பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.

எனக்குக் கை கால் உதறிவிட்டது. ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஐயாவுக்கு ஏதோ சந்தேகம். நேர்ல போய்ப் பேசிட்டு வா. வந்ததும் என்ன பேசினீங்கன்னு கோப்புல எழுதிடு. எழுதலைன்னா, பேசவே இல்லைன்னுதான் அர்த்தம்."

போனேன், பேசினேன். வந்து அவர் சொன்னபடியே, "பேசப்பட்டது. மனுதாரரிடம் மூலப்பத்திரத்தின் நகல் கேட்டுப் பெற அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதித் தேதி போட்டேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கு இது புதிதல்ல. கோப்பு என்றால் இரண்டு பகுதி. வந்த மனுவும் போன கடிதமும் நடப்பில் இருக்கும். ஏன் அப்படிக் கடிதம் போனது, யார் என்ன சொன்னார், யார் மறுத்தார் என்பதெல்லாம் குறிப்பில் இருக்கும். பத்து வருடம் கழித்து வேறொருவர் அந்த இருக்கைக்கு வந்தாலும் குறிப்பைப் புரட்டினால் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நானும் சில நண்பர்களும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆரம்பித்தோம். அங்கே இந்தப் பழைய பாடத்தை நான் மறந்து போனேன். அதனால் ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

விக்கிப்பீடியாவை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்காவது திறந்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 2001-ல் தொடங்கியது. தமிழில் 2003-ல் வந்தது. 2017 மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். "விக்கி" என்பது ஹவாய்த் தீவு மொழிச் சொல். "விரைவாக" என்று பொருள். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர், ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பேருந்தை நினைவில் வைத்து 1995-ல் தன் இணையதளத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் தலைக்கு மேலும் "உரையாடல்" என்று ஒரு சுட்டி இருக்கும். அதைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கும். கட்டுரை நடப்பு என்றால் இது குறிப்பு. கட்டுரையில் ஏன் இப்படி எழுதியிருக்கிறது, எது சந்தேகம், எந்தச் சான்று சரி என்று எழுதியவர்கள் பேசிக்கொள்ளும் இடம். பேசி முடித்து நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் நம் பெயரும் நாளும் நேரமும் தானாக விழுந்துவிடும். சுருக்கொப்பமும் தேதியும்தான், வேறென்ன!

நாங்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர், சிதம்பரத்தில் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர். கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சிற்றூர்களைப் பற்றிய கட்டுரைகள் பல இரண்டு மூன்று வரியோடு நிற்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சான்றோடு நாலு பத்தியாவது ஆக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உடனே என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான். ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம்.

குழு நன்றாகத்தான் போயிற்று. காலையில் வணக்கம், நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை, அதற்கு நடுவில் கட்டுரை விவகாரம்.

எங்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான். பரங்கிப்பேட்டைப் பக்கத்துக்காரர். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை "வாத்தியார்" என்றே கூப்பிடுவோம். தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றிப் பழைய புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நகல் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்து, துணிப்பையில் வைத்திருப்பார். தட்டச்சு மட்டும் அவருக்கு வராது. குழுவில் எல்லாமே குரல்பதிவுதான்.

கடலூர்க்காரர்களுக்கு "குண்டு கிராமங்கள்" கதை தெரிந்திருக்கும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் ஊர்களும் விலையில் சேர்த்தி என்று ஒப்பந்தம். நாலா திசையிலும் சுட்டு எல்லை வகுத்துக்கொண்டார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று நாம் இன்றைக்கும் சொல்லும் பெயர்களை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

அந்த ஊர்ப் பட்டியலில் ஓர் ஊரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வாத்தியார் நான்கு நிமிடத்துக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், இந்த ஊரைச் சேர்த்து எழுதியவர் எங்கே தடுமாறினார், அதே பெயரில் இன்னோர் ஊர் எங்கே இருக்கிறது என்று வகுப்பில் பாடம் நடத்துவது மாதிரி நிதானமாகச் சொன்னார். நாங்கள் ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினோம். மாணவி அன்று மாலையே கட்டுரையிலிருந்து அந்த ஊரை நீக்கினார். ஏன் இந்தத் திருத்தம் என்று எழுதுவதற்கு அங்கே தொகுப்புச் சுருக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதியது இவ்வளவுதான்: "குழுவில் பேசியபடி."

என்ன பேசினோம், யார் பேசினார், எந்தக் குழு என்று ஒன்றும் இல்லை. அந்தக் கண்காணிப்பாளர் இருந்திருந்தால் கோப்பை என் முகத்தில் எறிந்திருப்பார். மாணவியைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் குறிப்பு எழுதிப் பழகிய நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அன்று தோன்றவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. வாத்தியார் ஒரு தை மாதத்தில் காலமானார். திடீரென்றுதான். முதல் நாள் இரவுகூடக் குழுவில் ஏதோ ஒரு கல்வெட்டைப் பற்றிப் பேசியிருந்தார்.

அதற்குச் சில மாதம் கழித்து, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் அந்த ஊரை மறுபடியும் பட்டியலில் சேர்த்தார். ஒரு பத்திரிகைக் கட்டுரையைச் சான்றாகக் கொடுத்திருந்தார். உரையாடல் பக்கத்திலும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: இந்த ஊர் முன்பு ஏன் நீக்கப்பட்டது? எந்தக் குழுவில், எங்கே பேசப்பட்டது? காரணம் தெரிந்தால் தெரிவிக்கவும்.

நியாயமான கேள்வி. ஆனால் எங்களிடம் பதில் இல்லை.

என் பழைய கைபேசி போய்ப் புதியது வாங்கியிருந்தேன். பழைய பதிவுகள் அதோடு போய்விட்டன. இன்னொரு நண்பர், நினைவகம் நிரம்பிவிட்டது என்று மகன் எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்ததாகச் சொன்னார். மாணவிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துக் குழுவை விட்டே போயிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயா, அது பழைய போன்ல இருந்துச்சு. புத்தகத்தோட பேரு கூட ஞாபகம் இல்லையே, மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். மன்னிப்பதற்கு நான் யார்? எனக்கே ஞாபகம் இல்லையே!

வாத்தியார் வீட்டுக்கும் ஒரு நாள் போனேன். அவர் மனைவி அலமாரியைத் திறந்து காட்டினார். இரண்டு தட்டு நிறையக் காகிதக் கட்டுகள். காலை முதல் மதியம் வரை உட்கார்ந்து பார்த்தேன். தேடிய பக்கம் கிடைக்கவில்லை. அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவர் சொல்லியிருந்தா சரியாத்தாங்க இருக்கும்" என்றார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் விக்கிப்பீடியாவில் அது சான்று ஆகாது. ஆகவும் கூடாது.

வீட்டுக்கு வந்து உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: "முன்பு நீக்கியதற்கான சான்று இப்போது எங்களிடம் இல்லை. தங்கள் திருத்தம் அப்படியே இருக்கட்டும்." அலைக்குறி நான்கும் போட்டேன். சரியோ தவறோ, அந்த ஊர் இன்றைக்குப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மனிதர் எத்தனையோ வருடம் தேடிப் படித்துச் சேர்த்த விஷயம். அதை நாங்கள் ஐந்து கைபேசிகளில் வைத்துத் தொலைத்துவிட்டோம். அன்று யாராவது ஒருவர் ஐந்து வரி எழுதியிருந்தால் போதும்.

ஆகவே என் கருத்து இதுதான். நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலையைப் பற்றிய பேச்சு, அந்த வேலை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். கட்டுரையைப் படிக்க வருகிறவர், அது ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அங்கேயே படிக்க முடிய வேண்டும். அவர் எங்கள் குழுவில் இல்லை. இன்னும் பத்து வருடம் கழித்துக்கூட வரலாம்.

எதை எங்கே பேசுவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு கட்டுரையைப் பற்றியது அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்கு. ஒரு மாவட்டத்து ஊர்கள் போலப் பல கட்டுரைகளைச் சேர்த்துச் செய்யும் வேலை என்றால் அதற்கென்று விக்கித்திட்டப் பக்கம் ஒன்று தொடங்கி, அதன் பேச்சுப் பக்கத்துக்கு. ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியது அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்துக்கு. எல்லோரையும் பாதிக்கும் விஷயம் ஆலமரத்தடிக்கு. ஆம், தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்ப்பொதுவுக்கு வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடிதான்! நாம் டொராண்டோ என்போம், இலங்கைத் தமிழர் ரொறன்ரோ என்று எழுதுவார்கள். இப்படி எழுத்துக்கூட்டல் விவகாரம் வந்தால் கடலூர்க்காரர் நாலு பேர் தங்களுக்குள் முடிவு செய்துவிட முடியாது. அது மரத்தடிக்குப் போக வேண்டிய வழக்கு.

ஒரே விஷயத்தை நாலு இடத்தில் பேசுவதும் தப்புதான். ஒரு மனுவுக்கு நாலு கோப்பு திறந்த கதை ஆகிவிடும். ஓர் இடத்தில் பேசிவிட்டு, மற்ற இடங்களில் "அங்கே பேசுகிறோம், வாருங்கள்" என்று ஒரு வரியும் சுட்டியும் வைத்தால் போதும்.

இதற்கு நண்பர்கள் சொன்ன மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

"தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு எழுதிக்கொண்டு உட்கார வேண்டுமா? பெயரே விரைவு என்றுதானே சொன்னீர்கள்?" என்றார் ஒருவர். பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்டாட்சியரும் "பேசுக" என்றுதானே எழுதினார்? தாராளமாகப் பேசுங்கள். பேசி முடித்ததும் என்ன முடிவு, என்ன காரணம், எந்தச் சான்று என்று "பேசப்பட்டது" குறிப்பை எழுதிவிடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி இதைவிடக் கடுமை. வெளியே பேசி எடுத்த முடிவை அங்கே பொது இணக்கமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

"வயதானவர்களுக்குத் தட்டச்சு வராதே?" என்பது அடுத்தது. உண்மைதான். இப்போது கைபேசியில் தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி இருக்கிறது. அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், கேட்டவர் எழுத வேண்டும். வாத்தியார் பேசியது அவர் தப்பு இல்லை. கேட்டுக்கொண்டு கட்டைவிரலைக் காட்டியது எங்கள் தப்பு.

"உரையாடல் பக்கத்தில் எழுதினால் யாரும் பதில் போடுவதே இல்லை" என்றார் மற்றொருவர். இதிலும் உண்மை இருக்கிறது. பல பக்கங்கள் வெறிச்சோடித்தான் கிடக்கின்றன. ஆனால் குறிப்பு எழுதுவது உடனே பதில் வருவதற்காக மட்டும் அல்லவே. நாளைக்கு வருகிறவருக்காகவும்தான். அவசரம் என்றால் ஆலமரத்தடியில் ஒரு சுட்டி வைத்துக் கூப்பிடலாம்.

"எல்லோரும் பார்க்கும் இடத்தில் என் தப்பு தெரிந்துவிடுமே" என்று கூச்சப்படுகிறவர்களும் உண்டு. நான் முதன்முதலில் எழுதிய அந்தக் குறிப்பிலும் தப்பு இருந்தது. அதற்குக் கீழேயே திருத்தமும் இருந்தது. அடுத்து அந்த இருக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பார். அதற்காக எல்லாவற்றையும் அங்கே கொட்டவும் கூடாது. வீட்டு முகவரி, கைபேசி எண், அடுத்தவர் உடல்நிலை, மனத்தாங்கல் இவையெல்லாம் பொதுப்பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எழுதியதை நாமே பிறகு எடுத்தாலும் "வரலாறு" என்ற சுட்டிக்குள் பழைய படி தங்கிவிடும். புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு தப்பை எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதுதான் அழகு. கட்டுரையின் நியாயம் மட்டும் பொதுவில் இருக்கட்டும்.

இது கணினியோடு வந்த புத்தியும் அல்ல. சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் முதல்வராக இருந்தார். அவர் பதிப்பித்த நூல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல ஏடுகளை ஒப்பிட்டு, தமக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே வைப்பார். வேறு ஏட்டில் வேறு மாதிரி இருந்தால் அதைத் தூக்கி எறிய மாட்டார். பிரதிபேதம் என்று கொடுத்துவிடுவார். பின்னால் வருகிறவர் "ஐயர் கொண்ட பாடத்தைவிட இது பொருத்தம்" என்று சொல்வதற்கும் அதில் இடம் இருக்கிறது. தம் முடிவை மட்டும் அச்சிட்டுவிட்டு, மற்றதை மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. அம்பலம் என்றால் பொது இடம். ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் "அம்பலமாகிவிட்டது" என்கிறோம். திரைக்குப் பின்னால் இருப்பதை ரகசியம் என்கிறோம். கோயிலுக்கு இரண்டும் அழகு. நாலு பேர் கூடி எழுதும் கட்டுரைக்கு அம்பலம் மட்டும்தான் சரிப்படும்.

எங்கள் குழு இன்னும் இருக்கிறது. காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கட்டுரை விவகாரம் என்றால் மட்டும் ஒரே வரி: "உரையாடல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்." ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். இப்போது பழகிவிட்டது. போன மாதம் ஓர் ஊரின் பெயரைப் பற்றி நாங்கள் மூன்று நாள் வாதாடியது அத்தனையும் பெயரோடும் தேதியோடும் அங்கே இருக்கிறது. நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் இருக்கும்.

வாத்தியாரின் அந்த ஊர் விஷயத்தையும் நான் விட்டுவிடவில்லை. அவர் வீட்டு அலமாரியில் இரண்டாவது தட்டு இன்னும் பாதி பாக்கி. அடுத்த வாரம் மறுபடியும் போவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றிய பழைய புத்தகம் ஏதாவது இருக்கலாம். தூசு தட்டி எடுத்துப் பாருங்கள். குண்டு கிராமங்களின் பெயர்கள் எங்காவது அகப்பட்டால் புத்தகத்தின் பெயர், பதிப்பு, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள்.

எனக்கு எழுத வேண்டாம். தொலைபேசியிலும் சொல்ல வேண்டாம். எந்த ஊர் என்று நான் இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். இங்கே எழுதினால் இங்கேயே ஒரு வாதம் ஆரம்பிக்கும். அதற்கு உரிய இடம் கட்டுரையின் தலைக்கு மேல், "உரையாடல்" என்ற சுட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கடைசியில் அலைக்குறி நான்கையும் மறந்துவிடாதீர்கள்.